மூத்திர ஊசியும் முக்கால் பட்டினியும்

மதராஸ் ராஜதானி ஜனங்களை அரசாங்கச் செலவில் இளைக்க வைத்த பெருமை சர் ரிச்சர்ட் டெம்பிளுக்கு உண்டு. 1877, தாது வருஷப் பஞ்சம். ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருக்க, நிவாரணச் செலவைக் குறைத்துவிட்டு வரும்படி வைஸ்ராய் லிட்டன் பிரபு இவரைத் தெற்கே அனுப்பினார். டெம்பிள் வந்தார். வயிற்றைப் பார்த்தாரோ இல்லையோ, கஜானாவைப் பார்த்தார். நாள் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும், உப்பு புளிக்குக் கொஞ்சம் சில்லறை என்று கணக்கை முடித்தார். ஒரு பவுண்டு அரிசி என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,600 கலோரி. ராஜதானியின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது ஆளைக் கொல்லும் படி என்று குதித்தார். இருவரும் காகிதத்திலேயே மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். ஒருவழியாக அந்தக் கூலியை வாபஸ் வாங்குவதற்குள் இளைக்க வேண்டியவர்கள் எல்லாம் இளைத்து, போக வேண்டியவர்கள் போய்விட்டார்கள்.

பஞ்சம் பிழைக்க வந்தவர்களைக் கொண்டு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே 8 கிலோமீட்டர் வெட்டி, மொத்தக் கால்வாய்க்கும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவன் பெயரை வைக்கிற வழக்கம் அன்றும் இல்லை. எங்கள் அனுப்பம்பட்டிலிருந்து கிழக்கே போனால் வருவது அதே கால்வாயின் வடக்கு வால்தான். எண்ணூர் தாண்டி, பழவேற்காடு ஏரிக்குள் நுழைந்து, ஆந்திராவுக்குள் போய்விடுகிறது.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், டெம்பிளின் 1,600 கலோரியைச் சரித்திரம் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறது. 1954இல் இன்னொரு வெள்ளைக்காரர் ஒரு நாளைக்கு 500 கலோரி என்று எழுதிக்கொடுத்தார், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவரைத் தேடிச் சீமான்களும் சீமாட்டிகளும் ரோமாபுரிக்கே போய்க் காசு கொடுத்துப் பட்டினி கிடந்தார்கள். டெம்பிளுக்குத் தெரியாமல் போன சூட்சுமம் ஒன்றே ஒன்று. பட்டினியை வெறும் பட்டினியாகக் கொடுத்தால் கலகம் வரும். ஒரு ஊசியோடு சேர்த்துக் கொடுத்தால் க்யூ வரும்.

ஊசிக்காரரின் பெயர் ஆல்பர்ட் சிமியோன்ஸ். 1900இல் லண்டனில் பிறந்து ஜெர்மனியில் டாக்டருக்குப் படித்தவர். 1931இல் இந்தியாவுக்கு வந்தவர் 18 வருஷம் இங்கேயே இருந்துவிட்டார். ஆள் மோசமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். மலேரியாவுக்கு வேலை செய்தார், பம்பாய்ப் பக்கம் பிளேக்கோடு மாரடித்தார், கோலாப்பூர் அருகே தொழுநோயாளிகளுக்கு ஒரு குடியிருப்பே அமைத்தார். இத்தனை செய்ததற்காக அவரை இன்று யாருக்கும் தெரியாது. குண்டர்களுக்கு ஊசி போட்டார், உலகப் புகழ். தொழுநோயாளி காசு கொடுக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

இந்தியாவில் அவர் கண்ணில் பட்டவர்கள் சில குண்டுப் பையன்கள். இடுப்பு பெருத்து, வயசுக்கு வர வேண்டிய நேரத்தில் வராமல், எந்நேரமும் பசி பசி என்று அலைகிற பிள்ளைகள். ஃப்ரோலிக் நோய் என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் அதற்கு எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டுப் பார்ப்பார்கள். சிமியோன்ஸும் போட்டார். பையன்களின் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அந்தக் கொலைப்பசி அடங்கியது, இடுப்பின் உருவம் மாறியது என்று குறித்துக்கொண்டார். அதுவரை சரி. கண்ணால் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் கண்ணால் காணாததையும் எழுதத் தொடங்கினார்.

எச்.சி.ஜி. என்ன என்று கேட்டால், பிள்ளைத்தாச்சியின் நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கிட்டில் ரெண்டு கோடு விழுந்தால் மாமியார் பாயசம் வைக்கிறாரே, அந்த ரெண்டாவது கோட்டைப் போடுவது இதுதான். 1920களின் கடைசியில் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இருவர், கர்ப்பிணியின் சிறுநீரைப் பெண் சுண்டெலிக்கு ஊசியில் ஏற்றி, எலியின் சூலகம் வீங்குகிறதா என்று பார்த்துக் கர்ப்பத்தை உறுதி செய்தார்கள். ஹார்மோன் அந்தச் சிறுநீரில்தான் கொட்டிக்கிடக்கிறது. மருந்தாக விற்க வேண்டுமானால் அண்டா அண்டாவாகச் சேகரிக்க வேண்டும்.

யார் போய்ச் சேகரிப்பது? டச்சுக்காரர்கள் போனார்கள்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு டச்சுக்காரர்களை நன்றாகத் தெரியும். 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்து, நம்மூர்த் துணியை வாங்கிக் கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்து, அங்கே மிளகும் கிராம்பும் வாங்கி, ஐரோப்பாவில் விற்றுக் கொழுத்தவர்கள். நடுவில் மனிதர்களையும் அடிமையாகப் பிடித்து விற்றார்கள். கோட்டை இன்று மண்மேடு. மிச்சமிருப்பது கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 500 கலோரி டயட்டுக்கு இதைவிடத் தத்ரூபமான 'பின்' போட்டோ உலகத்தில் கிடையாது, 'முன்' போட்டோதான் இல்லை.

விற்கத் தெரிந்தவனுக்கு எதுவும் சரக்குதான். நெதர்லாந்தின் ஓஸ் என்ற ஊரில் ஒரு கசாப்புக் கம்பெனிக்காரர், வெட்டிய மிருகங்களின் கணையம் வீணாகிறதே என்று 1923இல் இன்சுலின் காய்ச்ச ஆரம்பித்தார். அப்படிப் பிறந்தது ஆர்கனான் கம்பெனி. 1930களில் அது கர்ப்பிணிகளின் வீட்டு வாசலுக்கு வந்து பாட்டிலில் சிறுநீர் வாங்கிப்போக ஒரு ஏற்பாடு செய்தது. 'தாய்மாருக்காகத் தாய்மார்' என்று அதற்குப் பெயர். பிள்ளையில்லாத பெண்களுக்கு மருந்து செய்யத்தான் அந்தச் சிறுநீர். நல்ல காரியம். இன்றைக்கும் நம்மூர்க் கருத்தரிப்பு மையங்களில் முட்டை வெடிக்க 5,000, 10,000 யூனிட் என்று போடுகிறார்களே, அந்த ஊசி இதே எச்.சி.ஜி.தான். சிமியோன்ஸ் குண்டர்களுக்குப் போட்டது நாளொன்றுக்கு 125 யூனிட். காக்காய்க்கு வைக்கிற சோறு அளவு.

மூத்திரம் என்றதும் நமக்கு மொரார்ஜி தேசாய் ஞாபகம் வராமல் போகாது. பிரதமராக இருக்கும்போதே, 1978இல், அமெரிக்க டெலிவிஷனில் தன் சிவாம்பு மகிமையைப் பற்றிப் பேசி அந்த நாட்டையே கிறுகிறுக்க வைத்தார். அவரைப் பார்த்து மூக்கைப் பொத்திய அதே அமெரிக்காவில், அடுத்தவள் சிறுநீரிலிருந்து எடுத்ததை இடுப்பில் குத்திக்கொள்ள ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். மொரார்ஜி குடித்தது தன்னுடையது. ஓசி.

1949இல் பம்பாயை விட்டு ரோமுக்குப் போன சிமியோன்ஸ், சால்வதோர் முந்தி ஆஸ்பத்திரியில் கடை விரித்தார். 1954இல் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. 'பவுண்ட்ஸ் அண்ட் இன்ச்சஸ்' என்ற சிறு புத்தகமும் எழுதினார். அதில் அவர் சொன்ன தத்துவம் படிக்க ஜோராக இருக்கும். உடம்பில் மூன்று கொழுப்பு. ஒன்று உறுப்புகளைத் தாங்குவது, ஒன்று அவசரத்துக்கு எடுக்கும் கரன்ட் அக்கவுண்ட், மூன்றாவது இடுப்பிலும் தொடையிலும் போட்டு மறந்த பிக்சட் டெபாசிட். பட்டினி கிடந்தால் முதல் இரண்டும்தான் கரையும், பிக்சட் டெபாசிட் அசையாது. எச்.சி.ஜி. போய் மூளைக்குள் இருக்கும் மேனேஜரைப் பார்த்துப் பேசினால்தான் அது உடையும். உவமை அவருடையதேதான். அப்படியொரு மேனேஜரும் கிடையாது, மூன்றாவது கணக்கும் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தின்னிப் பண்டாரம் என்று குண்டர்களை உலகமே கேலி செய்த காலத்தில், இது குணக்கேடு இல்லை, உடம்பின் கோளாறு என்று எழுதிய டாக்டர் அவர். அந்த ஒரு வரிக்காகவே பலர் அழுதிருப்பார்கள். அழுதவர்கள் மீதியையும் நம்பிவிட்டார்கள்.

முதல் மூன்று நாள் ஊசியோடு முட்டமுட்டச் சாப்பிட வேண்டும். கிரீம், சாக்லேட், பன்றி வறுவல் எல்லாம் உண்டு. கெடா வெட்டுக்கு வந்தவன்போல் தின்றுவிட்டு நாலாம் நாள் ஆரம்பிக்கிறது தவம். காலையில் சர்க்கரையில்லாத காபி. பால் நாள் முழுதுக்கும் ஒரே ஒரு மேசைக்கரண்டி. மதியம் கொழுப்பு நீக்கிய மாமிசம் 100 கிராம், பச்சையாக இருக்கும்போதே நிறுத்தது. ஒரே ஒரு வகைக் காய். விரல் மாதிரி ஒரு ரொட்டிக்குச்சி. ஒரு ஆப்பிள். ராத்திரிக்கும் அதே. எண்ணெய் ஒரு சொட்டு கூடாது. ஆப்பிளைத் தள்ளிவிட்டு இன்னொரு ரொட்டிக்குச்சி தின்றால் கலோரி ஏறாவிட்டாலும் எடை இறங்காது என்று சத்தியம் செய்கிறார். நம்மூர் மாந்திரீகர்களும் எலுமிச்சம்பழத்துக்குப் பதில் நார்த்தங்காய் வைத்தால் பலிக்காது என்பார்கள்.

அந்த மாமிசப் பட்டியலில்தான் எங்கள் பழவேற்காடு வருகிறது. வெள்ளை மீன் உண்டு, நண்டு உண்டு, இறால் உண்டு. ஏரிக்காரர்களுக்கென்றே எழுதிய மாதிரி இருக்கிறதே என்று நினைப்பதற்குள் அடுத்த வரி: கருவாடு கிடையாது, ஊறவைத்த மீன் கிடையாது.

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்கார அக்காவிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். கூடையில் பச்சை நண்டு. கொடுக்கு இரண்டையும் மடக்கி வயலட் நிற பிளாஸ்டிக் சணலால் கட்டியிருந்தது. அப்படியும் ஒன்று நுரை கக்கிக்கொண்டு கூடைச் சுவரில் ஏறப் பார்த்தது. அக்கா பேச்சை நிறுத்தாமலே அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினார்.

"நண்டு நூறு கிராமா? ஓட்டோடயா, ஓடு எடுத்தா?"

"ஓடு எடுத்துதான் அக்கா. எண்ணெ, தேங்கா, மசாலா கிடையாது. வெறும் தண்ணில அவிக்கணும்."

"அவிச்சு?"

"அவ்ளோதான். கூட ஒரு ஆப்பிள்."

"நண்டுக்கு ஆப்பிளா!" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "கருவாடு ஏன் வேணாங்கறாரு அந்த டாக்டரு? அது இன்னா பண்ணிச்சு அவர?"

கருவாடு தன்னை என்ன செய்தது என்று சிமியோன்ஸ் திருப்தியாக விளக்கவில்லை.

"இதுக்குத் துட்டு வேற குடுத்தாங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, வண்டி வந்ததும் ஏறிப்போனார். பழவேற்காட்டுக்காரர்களுக்கு அந்தக் கேள்வி வரும். முகத்துவாரம் மணல் தூர்ந்தால் பட்டினி, புயல் கூண்டு ஏற்றினால் பட்டினி, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்பார்கள், அன்றைக்கும் அடுப்பு எரிவது சந்தேகம். ஒருவரும் இதற்குச் சந்தா வசூலித்ததில்லை.

சிமியோன்ஸ் நம்மை மறக்கவில்லை. புத்தகத்தில் சைவ இந்துக்களுக்குத் தனிப் பத்தியே உண்டு. இவர்கள் மாமிசம் தொட மாட்டார்கள், ஆகவே நாளைக்கு அரை லிட்டர் கொழுப்பெடுத்த பால், அதில் கொஞ்சத்தைத் தயிராகவும் வைத்துக்கொள்ளலாம். பருப்பு கூடாது, சோறு கூடாது. இத்தனையும் கேட்டு நடந்தாலும் மற்றவர்கள் இளைப்பதில் பாதிதான் இளைப்பார்கள் என்று கைவிரித்துவிடுகிறார். மயிலாப்பூரும் கும்பகோணமும் தப்பின.

எண்ணெய் விஷயம் இன்னும் விசேஷம். கொழுப்பு தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும் என்று அவர் கட்சி. அதனால் க்ரீம் கூடாது, மசாஜ் கூடாது. லிப்ஸ்டிக்கும் பவுடரும் புருவ மையும் மட்டும் போகட்டும் என்று பெரிய மனது பண்ணினார். கசாப்புக்காரர்களும் அழகு நிலையக்காரர்களும் இளைக்காததற்குக் காரணம் கையில் படும் கொழுப்புதானாம். இவர் 18 வருஷம் இருந்த தேசம், தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டாத தேசம். எண்ணெய் குளித்த தலைகளின் கீழே எத்தனை ஒல்லி உடம்புகள் நடந்தன என்று எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமில்லை போலும்.

சரி, இளைத்தார்களா? இளைத்தார்கள். 40 நாள் 500 கலோரியில் இருந்தால் கல்தூணும் இளைக்கும். கேள்வி, இளைக்க வைத்தது ஊசியா பட்டினியா என்பதுதான். அதற்கு வழி சுலபம். பாதிப் பேருக்கு எச்.சி.ஜி., பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. 1973இல் ஒரு ஆய்வு ஊசிக்குச் சாதகமாக வந்தது. கிளினிக்காரர்கள் வெடி வெடித்தார்கள். 1976இல் அதே அமெரிக்க இதழில் இன்னொரு ஆய்வு: உப்புத் தண்ணீர்க்காரர்களும் அதே அளவு இளைத்தார்கள், அதே அளவு பசித்தார்கள். 1995இல் ஆம்ஸ்டர்டாமில் சில ஆய்வாளர்கள் 24 ஆய்வுகளை எடுத்துவைத்து ஒட்டுமொத்தமாகச் சலித்தார்கள். ஒழுங்காக நடந்தவற்றில் ஒன்றைத் தவிர எல்லாமே கைவிரித்தன. எடை குறைவது, பசி அடங்குவது, இடுப்புக் கொழுப்பு இடம்பெயர்வது எதற்கும் இந்த ஊசி உதவாது என்று எழுதினார்கள். பாட்டிலில் பிடித்ததும் டச்சுக்காரன், பாட்டிலை உடைத்ததும் டச்சுக்காரன்.

ஊசி செய்யாததைச் சொன்னோம், பட்டினி செய்வதையும் சொல்ல வேண்டும். 500 கலோரியில் கரைவது கொழுப்பு மட்டுமில்லை, தசையும் கூடக் கரைகிறது. முதல் வாரம் தராசு காட்டும் அதிசயத்தில் பெரும்பகுதி தண்ணீர். சாப்பாட்டில் கொழுப்பே இல்லாவிட்டால் பித்தப்பை சுருங்கி விரிய வேலையில்லை. பித்தம் அங்கேயே தேங்கும், கரைகிற உடம்புக் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் அதில் வந்து கொட்டும், கல் விழும். இடுப்பு குறைந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போவார். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் முடி கொத்தாக வரும். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் ராபர்ட் லின் என்ற டாக்டரின் 'கடைசி வாய்ப்பு' டயட், மாட்டுத்தோல் குளம்பு வகையறாவைக் காய்ச்சிய புரதத் தண்ணீர், 400 கலோரிகூட இல்லை. அதைப்போன்றவற்றைக் குடித்து ஏறத்தாழ 60 பேர் செத்தபோது, பலருக்குக் கடைசி நிமிடம்வரை ஒன்றும் தெரியவில்லை, இதயம் நின்றுவிட்டது. பெயர் வைத்தவருக்குத் தீர்க்கதரிசனம்.

எச்.சி.ஜி.யும் சும்மா இருக்காது. ரத்தம் உறையலாம், சூலகம் வீங்கலாம், தலைவலி, எரிச்சல் வரலாம். ஆண்களுக்கு மார்பு பெருக்கலாம். தொப்பையைக் குறைக்கப் போனவருக்கு இது நல்ல லாபம்.

1970களின் நடுவில் அமெரிக்க அரசு ஒரு வேலை செய்தது. இந்த மருந்து எடை குறைப்புக்கு உதவும் என்று நிரூபணமாகவில்லை என்று மருந்துப் பெட்டியிலேயே அச்சடிக்க வேண்டும் என்றது. அச்சடித்தார்கள். பெட்டியே 'நான் வேலை செய்ய மாட்டேன்' என்று கத்த, பெட்டியைப் பிரித்துக் குத்திக்கொண்டார்கள்.

சிமியோன்ஸ் 1970இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சரக்கு போகவில்லை. 2007இல் டிவி விளம்பர மன்னன் கெவின் ட்ரூடோ, 'அவர்கள்' மறைத்துவைத்த எடை குறைப்பு ரகசியம் என்று புத்தகம் போட்டார். மறைத்துவைத்த ரகசியம் லான்செட்டில் அச்சாகி 53 வருஷம் ஆகியிருந்தது. டயட்டே இல்லை, இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று டிவியில் சொன்னார். புத்தகத்தைப் பிரித்தால் ஊசி, 500 கலோரி, ஆயுசு முழுக்கக் கட்டுப்பாடு. புத்தகத்தில் இருப்பதைப் பற்றிப் பொய் சொல்லாதே என்று ஏற்கெனவே கோர்ட் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. 3 கோடியே 76 லட்சம் டாலர் அபராதம், அந்த உத்தரவை மீறியதற்காக 2014இல் 10 வருஷம் சிறை.

இதற்கு நடுவில் ஹோமியோபதி எச்.சி.ஜி. சொட்டு மருந்து கிளம்பியது. ஊசியும் வேண்டாம், நாக்கடியில் விட்டுக்கொண்டு 500 கலோரியில் இருந்தால் போதும். நீர்க்க நீர்க்க, புட்டியில் ஹார்மோன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. 2011 டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகள் 7 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். எனக்கென்னவோ இந்தச் சொட்டுக்காரர்கள்மீது கோபம் வருவதில்லை. இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசமில்லை என்று ஆய்வாளர்கள் 20 வருஷம் பாடுபட்டு நிரூபித்ததை, இவர்கள் இல்லாததை மட்டும் விற்றுக் காட்டினார்கள். ரத்தம் உறைகிற ஆபத்தும் மிச்சம்.

நிஜமாகவே பசியை அடக்குகிற ஹார்மோன் ஊசி கடைசியில் வந்தேவிட்டது. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போலச் செய்த செமாக்ளூடைட். போலி ஊசியோடு மோதவிட்டுப் பார்த்ததில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. ஊசியை நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிடுகிறது. குமட்டல், வாந்தி, பித்தக்கல் இதிலும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது. எடை குறைப்பு ஊசியாக 'வெகோவி' என்ற பெயரில் 2025 ஜூனில் இந்தியாவுக்கு வந்தது. விற்பவர்கள் நோவோ நார்டிஸ்க், டென்மார்க் கம்பெனி. டேனிஷ்காரர்களும் நமக்குப் புதியவர்கள் இல்லை. டச்சுக்காரன் பழவேற்காட்டில் உட்கார்ந்ததைப் பார்த்து, 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினவர்கள். வியாபாரம் படுத்து, 1845இல் அதையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனுக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். இந்த ஜில்லாக்களில் இவ்வளவு சர்க்கரையும் தொப்பையும் விளையும் என்று அப்போதே ஒரு ஜோசியர் சொல்லியிருந்தால் விற்றிருக்க மாட்டார்கள்.